மேயரை நாமே தேர்ந்தெடுப்பதா, சிட்டி மேனேஜரை வைத்துக்கொள்வதா? நவம்பரில் வாக்களிக்க வேண்டும்

மழைநீர்:

அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்தில் குடியிருக்கிறேன். நகரச் சாசனத்தைத் திருத்தலாமா என்று நவம்பரில் வாக்கெடுப்பு நடக்கிறது. குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு வருகிற முதல் உள்ளூர் வாக்கெடுப்பு. விஷயம் தெரியாமல் போட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

இப்போதைய ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நகரமன்றத்தில் ஏழு பேர். வார்டு கிடையாது, ஏழு பேரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. அந்த ஏழு பேருக்குள் ஆண்டுக்கு ஒருவர் முறைவைத்து மேயராக இருப்பார். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், விழாக்களுக்குப் போவார், அவ்வளவுதான். நிர்வாகம் முழுவதும் மன்றம் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கும் சிட்டி மேனேஜரிடம். போலீஸ் தலைவர், பொதுப்பணி இயக்குநர், நிதி இயக்குநர் என்று எல்லாரையும் நியமிப்பதும் நீக்குவதும் அவர். பட்ஜெட் தயாரிப்பதும் அவர்தான்.

திருத்தம் வந்தால் மேனேஜர் பதவியே இருக்காது. மக்கள் நேரடியாக நான்கு ஆண்டுக்கு ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். துறைத்தலைவர்களை அவரே வைப்பார், அவரே எடுப்பார். பட்ஜெட்டும், மன்றத்தின் முடிவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரமும் அவர் கையில்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவின் தாழ்வான முனையில் மழைநீர்க் குழாய் பழையது, சிறியது. பெருமழை பெய்தால் அந்த முனையில் உள்ள வீடுகளின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறிவிடுகிறது. மன்ற உறுப்பினர் ஒருவருக்கு எழுதினேன். "ஊழியர்களுக்கு உத்தரவு போட எனக்குச் சாசனத்தில் இடமில்லை, மேனேஜர் அலுவலகத்தைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. மேனேஜர் அலுவலகத்தைக் கேட்டால், "உங்கள் கோரிக்கை பதிவாகியிருக்கிறது, மூலதனத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்றார்கள். வரும் ஆண்டுகளில் நகரம் செய்யப்போகும் பெரிய கட்டுமான வேலைகளின் பட்டியல் அது. மேயருக்கு எழுதலாம் என்று பார்த்தபோது அந்த ஆண்டு மேயர் மாறிவிட்டார். யாருக்கு எதிராக வாக்களித்தால் இந்தக் குழாய் சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை.

மேயர் வேண்டும் என்பவர்கள், பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும் என்கிறார்கள். மேனேஜரே இருக்கட்டும் என்பவர்கள், குழாயும் குப்பையும் அரசியல் விஷயம் அல்ல, படித்த நிபுணர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. இரண்டு முறையிலும் வாழ்ந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பனிக்காலம்:

யோசிக்கவே வேண்டாம், மேயருக்குப் போடுங்கள். உங்கள் கேள்விக்கு உங்கள் அனுபவமே பதில் சொல்கிறது. மூன்று கதவைத் தட்டியிருக்கிறீர்கள், மூன்று இடத்திலும் "நான் இல்லை, அவர்" என்று பதில்.

1979 ஜனவரியில் சிகாகோவில் பெரும் பனிப்புயல். தெருக்களில் பனி அள்ளப்படாமல் வாரக்கணக்கில் கிடந்தது. ரயில்கள் கருப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் போயின. பிப்ரவரி கடைசியில் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தல். அன்றைய மேயர் மைக்கேல் பிலாண்டிக்குக் கட்சி அமைப்பு முழுவதும் பின்னால் நின்றது. எதிர்த்து நின்ற ஜேன் பைர்னை அவரே முன்பு பதவியிலிருந்து நீக்கியிருந்தார். ஜெயித்தது பைர்ன். பனி அள்ளவில்லை என்று மக்கள் ஒரு மேயரையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த எந்தச் சிகாகோ மேயரும் பனியை லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

மேனேஜர் இருக்கும் நகரத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேனேஜரை மாற்றியிருப்பார்கள். அவர் வேறொரு நகரத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். அவரை வைத்த உறுப்பினர்கள், தப்பெல்லாம் அவர்மேல்தான் என்று சொல்லி அடுத்த தேர்தலிலும் நின்றிருப்பார்கள். கோபத்தை இறக்கிவைக்க மக்களுக்கு ஒரு முகம் வேண்டும். அது வாக்குச்சீட்டில் இருக்கிற முகமாக இருக்க வேண்டும்.

வரவுசெலவு:

நான் நகர நிர்வாகத்தில் பட்ஜெட் பிரிவில் வேலை பார்க்கிறவன். முதலில் மேனேஜர் இருந்த ஒரு நகரத்தில், இப்போது மேயர் ஆளும் ஒரு நகரத்தில். இரண்டு பக்கத்தையும் உள்ளே இருந்து பார்த்ததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பனிக்காலம் சொன்ன சிகாகோ கதை உண்மை. அதே சிகாகோவில் இன்னொன்றும் நடந்தது. 2008 டிசம்பரில் மேயர் ரிச்சர்ட் எம். டேலி, நகரத்தின் பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்குத் தனியாருக்குக் குத்தகைக்கு விட ஏற்பாடு செய்தார். கிடைத்த தொகை சுமார் 115 கோடி டாலர். விவரம் மன்றத்துக்கு வந்த இரண்டொரு நாளிலேயே வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஐம்பது பேர் கொண்ட மன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர்கள் ஐந்து பேர். அடுத்த ஆண்டு நகரத்தின் தலைமை ஆய்வாளர் கணக்குப் பார்த்து, நகரத்துக்கு ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாகக் கிடைத்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். டேலி 2011இல் மறுபடி நிற்கவில்லை. மக்கள் கோபத்தைக் காட்ட நினைத்தபோது அந்த முகம் வாக்குச்சீட்டிலேயே இல்லை. பனி அடுத்த தேர்தலுக்குள் கண்ணுக்குத் தெரியும். 75 ஆண்டுக் குத்தகையின் பாரம் தெரிவதற்குள் எத்தனையோ தேர்தல் வந்து போய்விடும். ஒரு நகரம் செய்யும் பெரிய தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை: ஓய்வூதியம், கடன்பத்திரம், பூமிக்கு அடியில் இருக்கிற குழாய். உங்கள் பிரச்சினையும் குழாய்தான் என்பதால் சொல்கிறேன்.

மேனேஜர் முறை பிறந்ததும் தண்ணீரில்தான். வர்ஜீனியாவின் ஸ்டான்டன் 1908இல் முதல் ஆளை நியமித்தது என்றாலும், நாடு கவனித்தது ஒஹையோவின் டேட்டனை. 1913 மார்ச்சில் கிரேட் மியாமி ஆறு ஊருக்குள் புகுந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டே புதுச் சாசனம் எழுதினார்கள். பனாமா கால்வாயைக் கட்டிய கோயெதல்ஸையே மேனேஜராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர் வரவில்லை. கடைசியில் ஹென்றி வெய்ட் என்ற பொறியாளர் 1914 ஜனவரியில் பொறுப்பேற்றார். வெள்ளம் வடிந்த ஊருக்குப் பேச்சாளரைவிடப் பொறியாளர் தேவைப்பட்டார். அந்த நியாயம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது.

ஆனால் "மேனேஜர் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஏழு பேர் மன்றத்தில் அவர் வேலை நிலைக்க நான்கு வாக்கு வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் மேனேஜர் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் முதலில் மனசுக்குள் நான்கு எண்ணிவிடுவார். அது கெட்ட எண்ணம் அல்ல. வேலையின் இயல்பே அப்படி. மேயர் ஆயிரக்கணக்கான வாக்காளரைப் பார்த்துப் பயப்படுவார், மேனேஜர் நான்கு பேரைப் பார்த்துப் பயப்படுவார். அப்படியானால் அந்த நான்கு பேர் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த நான்கு பேர் யாருக்கும் பயப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெல் நகரம் சாட்சி. சுமார் 35,000 பேர் வாழும் உழைப்பாளிகளின் ஊர். 2005இல் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தித் தனிச் சாசனம் பெற்றார்கள். அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. சாசன நகரமானதால் மன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பு விலகியது. 2010இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தபோது மேனேஜர் ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். பகுதிநேர உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரிஸோ சிறைக்குப் போனார். அதற்கு வெகுகாலம் முன்பே கன்சாஸ் சிட்டியில் அரசியல் தரகர் டாம் பெண்டர்காஸ்ட், ஒன்பது பேர் மன்றத்தில் ஐந்து இடத்தைப் பிடித்துத் தன் ஆளையே 1926இல் மேனேஜராக்கிக்கொண்டார். 1939 வரை அது ஓடியது. சீர்திருத்தக்காரர்கள் கொண்டுவந்த அதே மேனேஜர் சாசனம், ஒரு எழுத்தும் மாறவில்லை.

இப்போது உங்கள் தெருவுக்கு வருகிறேன். டெக்ஸஸின் சான் அன்டோனியோவை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1951இல் அங்கே மேனேஜர் சாசனம் வந்தது. மன்றத்துக்கு நகரம் முழுவதும் ஒரே தொகுதி. வசதியான வடபகுதிக்காரர்கள் நடத்திய ஒரு சங்கம் நிறுத்திய ஆட்களே பெரும்பாலும் ஜெயித்தார்கள். மெக்ஸிக அமெரிக்கர்கள் வாழும் மேற்குப் பகுதியில் மழை வந்தால் தெருவெல்லாம் ஆறு. 1974இல் அங்குள்ள தேவாலயங்களின் மக்கள் எர்னெஸ்டோ கோர்ட்டெஸ் வழிகாட்டுதலில் காப்ஸ் என்ற அமைப்பாகத் திரண்டார்கள். நகராட்சி ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, தங்கள் பகுதி வடிகால் ஒன்று 1945இலேயே திட்டத்தில் எழுதப்பட்டு அப்படியே கிடப்பது தெரிந்தது. கூட்டமாகப் போய் மன்றத்தில் அந்தக் காகிதத்தை வைத்துக் கேட்டார்கள். சில மாதத்தில், அந்த ஆண்டு நவம்பரிலேயே, நான்கு கோடி டாலருக்கு மேல் வடிகால் கடன்பத்திரம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 1977இல் பத்து வார்டுகள் வந்தன, மேயர் மட்டும் நகரம் முழுவதற்கும் பொது. 1981இல் மெக்ஸிக அமெரிக்கரான ஹென்றி சிஸ்நெரோஸ் மேயரானார். இத்தனை மாறியும் அவர்கள் மேனேஜரை ஒழிக்கவில்லை. இன்றும் அது மேனேஜர் நகரம்தான்.

ஆகவே உங்கள் குழாயை மேனேஜர் தடுத்து வைத்திருப்பதாக நான் நினைக்கவில்லை. உங்கள் ஏழு பேரும் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். தாழ்வான பகுதியில் எத்தனை புள்ளி விழுகிறது?

அப்புறம் அந்த உறுப்பினர் உங்களுக்குச் சொன்னது பாதி உண்மைதான். ஊழியருக்கு நேராக உத்தரவு போடக் கூடாது என்ற விதி நல்ல விதி. அது இல்லாத ஊரில் உறுப்பினர் போன் போட்ட தெருவுக்குத்தான் லாரி போகும். ஆனால் மன்றக் கூட்டத்தில் மேனேஜரை எல்லார் முன்னிலும் கேள்வி கேட்க, மூலதனத் திட்டத்தில் இந்தக் குழாயைச் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர, அந்த விதி தடையே இல்லை. அவருக்கு அது தெரியும். உங்கள் வாக்கு அவருக்குத் தேவைப்படவில்லை, அதனால் செய்யவில்லை.

மேயர் நகரத்துக்கு வந்த பிறகு நான் கண்ட பெரிய வித்தியாசம் ஒன்று. முன்பு ஒரு உறுப்பினர் பட்ஜெட்டில் ஏதாவது கேட்டால், பதில் ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் போகும். அது எங்கள் மேனேஜர் வைத்திருந்த கண்டிப்பான வழக்கம். இங்கே உறுப்பினரின் கேள்வி மேயர் அலுவலகம் வழியாக வரும். மேயருக்கு வேண்டியவர் கேட்டால் பதில் அன்றே போகும். எதிர்ப்பவர் கேட்டால் வாக்கெடுப்பு முடிந்த பிறகு போகும். மேயரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் கணக்குக் கேட்கலாம் என்பது சரி. நடுவில் கேட்க வேண்டியது மன்றம். அந்த மன்றத்துக்குக் கணக்கே கிடைக்காவிட்டால் எதை வைத்துக் கேட்பார்கள்?

தெற்குவாசல்:

ஃபிளின்டில் குடிதண்ணீரைக் கெடுத்தது நியமிக்கப்பட்ட மேனேஜர்தானே? அதை யாரும் சொல்லவில்லையே. அதோடு, மேனேஜர் என்பவர் இந்தியாவில் மாநகராட்சி ஆணையர் மாதிரி ஆள்தானா?

வரவுசெலவு:

ஃபிளின்ட் வேறு விஷயம். மிச்சிகன் மாநிலம் நிதி நெருக்கடி என்று சொல்லி, நகர மக்களுக்கு மேல் தானே ஓர் அவசரகால மேனேஜரை உட்கார வைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர், மன்றம் இரண்டு பேரின் அதிகாரமும் அவர் கைக்குப் போனது. 2014 ஏப்ரலில் குடிதண்ணீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது அந்த ஏற்பாட்டின் கீழ்தான். அந்த நகரத்தின் வழக்கமான சாசனம் மேயர் சாசனம். ஃபிளின்ட் மக்களால் நீக்கவே முடியாத ஒருவர் முடிவெடுத்தார் என்பதுதான் அங்கே நடந்த கொடுமை. அதைச் சொல்ல வேண்டியதுதான், ஆனால் மன்றம் அமர்த்தும் மேனேஜரோடு குழப்பக் கூடாது.

ஆணையரும் வேறு மாதிரி ஆள்தான். அவர் மாநில அரசு அனுப்பி வைக்கும் அதிகாரி. இங்கே மேனேஜருக்கு நகரமன்றமே விளம்பரம் கொடுத்து, நேர்காணல் செய்து, ஒப்பந்தம் எழுதி வேலை கொடுக்கிறது. பெரும்பாலும் ஒரே கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கில் நீக்கவும் முடியும். ஒப்பந்தப்படி சில மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நீக்குவது பற்றிப் பேசும்போது சான் டியேகோவை நினைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் இருந்த காலத்தில், 1996லும் 2002லும், ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டியதைக் குறைத்துக் கட்டிக்கொண்டே பலன்களை உயர்த்தி நகரத்தைக் கடனில் தள்ளினார்கள். அந்தக் கோபத்தில் மக்கள் மேயர் முறைக்கு வாக்களித்தார்கள், 2006இல் அது நடைமுறைக்கு வந்தது. 2013இல் மேயர் பாப் ஃபில்னர்மேல் பல பெண்கள் பாலியல் தொல்லைப் புகார் சொன்னார்கள். மன்றத்தில் ஒன்பது பேரும் பதவி விலகச் சொன்னார்கள். விலக்க அவர்களிடம் எளிய வழி இல்லை. பதவி நீக்க வாக்கெடுப்புக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கிய பிறகு, பேச்சுவார்த்தை நடத்தித்தான் அவரை வெளியே அனுப்ப முடிந்தது. ஒரு மேனேஜராக இருந்தால் அந்த வாரமே போயிருப்பார்.

லிமரிக்வாசி:

அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவுக்கு வெளியே மேனேஜர் முறை ஆழமாக வேர்விட்ட நாடு இது. கார்க் நகரத்துக்கு 1929இல் தனிச் சட்டம் போட்டு ஆரம்பித்தார்கள், பிறகு நாடு முழுவதும் பரவியது. 2014இல் தலைமைச் செயல் அதிகாரி என்று பெயர் மாற்றினாலும் வேலை அதேதான். ஆளைத் தேர்ந்தெடுப்பது தேசிய அளவிலான நியமன அமைப்பு, மன்றம் அதை ஏற்றுக்கொள்ளும். அதனால் இங்கே மேனேஜருக்கு நான்கு வாக்கு எண்ண வேண்டிய தேவைகூடப் பெரிதாக இல்லை.

2019 மே மாதத்தில் கார்க், வாட்டர்ஃபோர்ட், லிமரிக் மூன்று இடத்திலும் நேரடி மேயர் வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்று இடத்திலும் கொஞ்ச வித்தியாசம்தான். லிமரிக் மட்டும் வேண்டும் என்றது. தேர்தல் நடந்தது 2024 ஜூனில்தான், ஐந்து ஆண்டு கழித்து. ஜான் மோரன் என்ற சுயேச்சை ஜெயித்தார். அவர் முன்பு நிதித்துறையில் தலைமைச் செயலராக இருந்தவர்.

நான் வேண்டும் என்று வாக்களித்தவள். இன்றும் அதே கருத்துதான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேயர் என்று ஒரு முகம் வந்ததும் மக்கள் எல்லாவற்றையும் அவரிடம் கேட்கிறார்கள். மருத்துவமனை நெரிசலைக்கூடக் கேட்கிறார்கள், மருத்துவமனை அவர் கையில் இல்லை. அன்றாட நிர்வாகத்தில் கணிசமான பங்கு இன்னும் இயக்குநர் நாயகம் என்ற அதிகாரியிடம் இருக்கிறது. முகம் ஒரு பக்கம், சாவி இன்னொரு பக்கம் என்றால் இரண்டு பக்கமும் சலிப்புதான் மிஞ்சும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் 2012இல் நேரடி மேயரைக் கேட்டு வாங்கியது, அன்று வாக்கெடுப்பு நடந்த பத்து நகரங்களில் வேண்டும் என்றது அது ஒன்றுதான். பத்தே ஆண்டில், 2022இல், வேண்டாம் என்று மறுபடி வாக்களித்து 2024இல் குழுக்கள் வழி ஆட்சிக்குத் திரும்பிவிட்டது. எனவே மழைநீர், மேயர் வருகிறாரா என்பதைவிட அவர் கைக்கு என்னென்ன வருகிறது என்று வரைவில் தேடுங்கள்.

மழைநீர்:

எல்லாருக்கும் நன்றி. வரவுசெலவு சொன்னபடி வரைபடத்தில் குறித்தேன். ஏழில் ஐந்து பேர் மேட்டுப் பகுதியில், ஒரே பள்ளி வட்டாரத்துக்குள். ஆற்றோரப் பக்கம் ஒருவரும் இல்லை. வரைவையும் முழுதாகப் படித்தேன். வார்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. மேயரும் நகரம் முழுவதும், மன்றமும் நகரம் முழுவதும். தேர்தல் இப்போது போலவே ஒற்றைப்படை ஆண்டின் மே மாதத்தில்.

மேனேஜரை வைத்துக்கொண்டே மேயரை மட்டும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு மாற்று யோசனையும் கிளம்பியிருக்கிறது. அப்படிச் செய்தால் லிமரிக்வாசி சொன்ன சிக்கல் வராதா?

வரவுசெலவு:

எழுதும் விதத்தைப் பொறுத்து வரும். சின்சினாட்டியில் 2001 முதல் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேனேஜரும் உண்டு. மேனேஜரை நீக்கும் பேச்சை மேயர்தான் தொடங்க முடியும், முடிக்க மன்றத்தின் பெரும்பான்மை வேண்டும். 2018இல் மேயர் ஜான் கிரான்லி, மேனேஜர் ஹாரி பிளாக்கை விலகச் சொன்னார். ஒன்பதில் ஐந்து உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஐந்து பேரும் தங்களுக்குள் ரகசியமாகக் குறுஞ்செய்தியில் பேசிக்கொண்டது வழக்காகிப் பெரிய அவமானத்தில் முடிந்தது. வாரக்கணக்கில் துறைத்தலைவர்களுக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் பிளாக்கே விலகினார். அந்த மாதிரி எழுதினால் வேண்டாம் என்பேன்.

சான் அன்டோனியோ மாதிரி எழுதினால் சரிவரும். மேயர் நகரம் முழுவதற்கும் பொது, மன்றத்தில் மற்றவர்களைப் போல அவருக்கும் ஒரு வாக்கு, வீட்டோ கிடையாது. மேனேஜரை வைப்பதும் எடுப்பதும் மன்றத்தின் பெரும்பான்மை. மேயருக்கு மேடை இருக்கும், சாவி மன்றத்திடம் இருக்கும், ஆனால் மேயரும் அந்த மன்றத்துக்குள்ளேயே ஒருவர். போர்ட்லண்ட் 2025இல் வேறு வழியில் போயிருக்கிறது: மேயர் நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கிறார், மன்றம் ஒப்புதல் தருகிறது, மேயருக்கு மன்றத்தில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் ஒரு வாக்கு. அது எப்படிப் போகிறது என்று சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

நீங்கள் சொன்னதில் என்னை உறுத்துவது மே மாதம்தான். அதிபர் தேர்தலோடு சேராமல் தனியாக வரும் உள்ளூர் தேர்தலுக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களில் சொந்த வீட்டுக்காரர்கள், வயதானவர்கள் அதிகம். வாடகைக்கு இருப்பவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள் வருவதில்லை. பெல் நகரத்தில் 400 பேருக்குள் ஒரு சாசனமே நிறைவேறியது நினைவிருக்கட்டும். வார்டு, நவம்பர் தேர்தல், இந்த இரண்டும் வந்தால் மேயர் முறையானாலும் உங்கள் ஆற்றோரத்துக்குக் கொஞ்சம் நல்லது நடக்கும். இரண்டும் இல்லாவிட்டால் மேட்டுப் பகுதியிலிருந்தே ஒரு மேயர் வருவார், நான்கு ஆண்டுக்கு அவரை அசைக்க முடியாது.

உறுப்பினர் சம்பளம் எவ்வளவு என்றும் பாருங்கள். சான் அன்டோனியோவில் 2015 வரை ஒரு கூட்டத்துக்கு 20 டாலர்தான். அந்தப் பணத்தில் மாதச் சம்பளக்காரர் யாரும் மன்றத்துக்கு வர முடியாது. அந்த ஆண்டு மக்கள் வாக்களித்து அதை ஆண்டுக்கு 45,722 டாலராக்கினார்கள்.

பனிக்காலம்:

வார்டு, நவம்பர் தேர்தல் இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மேயர்தான் வேண்டும் என்பேன். பெரும்பான்மை சேர்ந்தால் நீக்கலாம் என்கிறீர்கள். அந்தப் பெரும்பான்மை யார் பேச்சுக்குச் சேர்ந்தது என்று தெருவில் நிற்கிறவருக்கு ஒருநாளும் தெரியாது. எனக்குப் பெயர் தெரிய வேண்டும்.

மழைநீர்:

பொதுக் கருத்துக்கேட்பு அடுத்த வாரம். ஆளுக்கு மூன்று நிமிடம். வார்டும் தேர்தல் மாதமும் சேர்க்காமல் இந்த வரைவை வாக்குக்கு விடாதீர்கள் என்று கேட்கப் போகிறேன். சேர்க்காவிட்டால் நவம்பரில் வேண்டாம் என்றே போடுவேன். எங்கள் முனையில் தண்ணீர் ஏறும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூலதனத் திட்டத்தின் பழைய ஆண்டுப் பிரதிகளைக் கேட்டு நகர எழுத்தரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். எங்கள் குழாய் எந்த ஆண்டில் முதலில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.